வேர் சிகிச்சை முடிந்தது, வலியும் போய்விட்டது. கேப் கட்டாயம் போட வேண்டுமா?

குடியாத்தம் டீச்சர் — ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், வயது 43. வலது பக்கக் கீழ்க் கடைவாயில் முதல் பெரிய பல்லில் சொத்தை ஆழமாக இறங்கி, இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. வேலூருக்கு மூன்று முறை போய்வந்து, பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்து அடைக்கும் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். வலி அடியோடு நின்றுவிட்டது.

இப்போது மருத்துவர் இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்தப் பல்லுக்குக் கேப், அதாவது பல்லைச் சுற்றி மூடும் நிரந்தர உறை, போட்டுவிட வேண்டும் என்கிறார். உலோகத்தில் என்றால் 2,500 ரூபாய், உலோகத்தின் மேல் பீங்கான் என்றால் 4,500, சிர்கோனியா என்கிற வலுவான பீங்கான் வகை என்றால் 9,000 என்று சொன்னார். வீட்டில் என் மாமியார், "வலிதான் போய்விட்டதே, இருக்கிற பல்லையும் ஏன் அராவிக் கெடுத்துக்கொள்கிறாய்?" என்று கேட்கிறார். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணவரின் எண்ணம். அதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

தள்ளிப்போடலாமா? 9,000 ரூபாய்க் கேப்புக்கும் 2,500 ரூபாய்க் கேப்புக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? போட்டுக்கொண்டவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.


ராணிப்பேட்டைக்காரன் — ஞாயிறு, இரவு 10.02

டீச்சர், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டவன்.

தோல் தொழிற்சாலையில் வேலை. உங்களுக்கு வந்த அதே பல், எனக்கு இடது பக்கம். வேர் சிகிச்சை முடிந்த அன்று மருத்துவர் தெளிவாகவே சொன்னார், அவர் மீது எந்தக் குறையும் இல்லை. வலி போன பிறகு பல்லின் நினைவே எனக்கு வரவில்லை. ஒன்பது மாதம் ஓடிவிட்டது. தீபாவளிக்கு அக்கா வீட்டிலிருந்து பொருள்விளங்கா உருண்டை வந்தது. ஒன்றைக் கடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். வலிக்கவே இல்லை, நரம்பைத்தான் எடுத்துவிட்டார்களே. நாக்கால் தொட்டுப் பார்த்தால் பல்லின் ஒரு பாதி ஆடுகிறது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். விரிசல் நெடுக்காக வேர் வரை போயிருந்தது. மேலே ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், வேர் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார். பிடுங்கியாயிற்று. இப்போது அந்த இடத்தில் பாலம் போலப் பல் கட்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களை அராவ வேண்டும். எலும்பில் திருகு வைத்துப் பல் பொருத்துவதற்கு ஆகும் செலவோ கேப்பின் செலவைப் போலப் பல மடங்கு. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் போயிற்று, பல்லும் போயிற்று.


சத்துவாச்சாரி மகன் — திங்கள், காலை 7.40

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். என் அப்பாவுக்கு 15 ஆண்டுகளுக்கு முன்பு கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தார்கள். கேப் போடவில்லை, வெறும் அடைப்புதான். இன்றுவரை அந்தப் பல் அப்படியே இருக்கிறது. பட்டாணி, முறுக்கு எல்லாம் சாப்பிடுகிறார். அப்படியிருக்க, எல்லாருக்கும் கேப் கட்டாயம் என்று சொல்வது ஏன்? ஒரு நல்ல பல்லைச் சுற்றிலும் அராவிக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.


காட்பாடி பல் மருத்துவர் — திங்கள், பிற்பகல் 2.30

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். டீச்சரின் பல்லை நான் பார்க்கவில்லை, எனவே பொதுவாகச் சொல்கிறேன்.

வேர் சிகிச்சை செய்த பல் 'செத்த பல்', அது காய்ந்து நொறுங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியான காரணம் அல்ல. பல் பலவீனமாவது அதில் எவ்வளவு பகுதி போய்விட்டது என்பதைப் பொறுத்தது. சொத்தை ஒரு பக்கச் சுவரைத் தின்றிருக்கும். நரம்பை எடுக்க நாங்கள் கூரையைத் திறந்திருப்போம். கூரையும் ஒரு சுவரும் இல்லாத வீட்டில் மற்ற சுவர்கள் எப்படி நிற்குமோ அப்படித்தான் அந்தப் பல்லின் மேடுகள் நிற்கின்றன. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் எதிர்ப் பல் ஆப்பு இறங்குவது போல இறங்கி அந்தச் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ராணிப்பேட்டை நண்பருக்கு நடந்தது அதுதான்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கேப் செய்யும் வேலையும் அதுவே. பல்லைச் சுற்றிப் பிடித்துப் பிளக்காமல் காக்கிறது. அப்படிப் பிடிப்பதற்கு ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராவது உறுதியான சொந்தப் பல் இருக்க வேண்டும். தள்ளிப்போட்டு, ஒரு மூலை உடைந்த பிறகு வருபவர்களிடம் அந்த 2 மில்லிமீட்டர் இருப்பதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேர் சிகிச்சை முடிந்ததும் வைத்திருப்பது தற்காலிக அடைப்பு என்றால் அது நாளடைவில் தேயும், ஓரத்தில் கசியும். எச்சிலோடு கிருமிகள் திரும்ப வேருக்குள் இறங்கினால் செய்த சிகிச்சை முழுவதும் வீண். டீச்சர், உங்களுக்கு வைத்தது தற்காலிகமா, நிரந்தரமா என்று முதலில் கேளுங்கள். பணம் காரணமாகக் காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், நிரந்தர அடைப்பு வைத்து, அந்தப் பல் கடியில் படாதவாறு சற்றுத் தாழ்த்தித் தரச் சொல்லுங்கள். அதுகூடச் சில வாரங்களுக்குத்தான்.

சத்துவாச்சாரி சகோதரருக்கு: எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன் பல்லில் சிறு துளை வழியே சிகிச்சை செய்து, மற்றப் பகுதி முழுமையாக இருந்தால் அடைப்பே போதும். கடைவாய்ப் பற்களின் கதை வேறு. உங்கள் அப்பாவின் பல் எது, அதற்கு நேர் எதிரே மேல் தாடையில் பல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

விலையைப் பற்றி. உலோகக் கேப் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும், அதனால் பல்லை அதிகம் அராவ வேண்டியதில்லை. கடைசிப் பல்லுக்கு, யார் கண்ணிலும் படாத இடத்துக்கு, அது இன்றும் நல்ல தேர்வுதான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உலோகத்தின் மேல் பீங்கான் வைத்ததில் நாளடைவில் பீங்கான் சில்லு பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். முழுச் சிர்கோனியா வலிமையானது, பல்லின் நிறத்தில் இருக்கும், அதில் கறுப்புக் கோடு கிடையாது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும், பல்லோடு சேரும் ஓரம் இடைவெளியில்லாமல் உட்காராவிட்டால் பயனில்லை. கேப்புக்குச் சொத்தை வராது, கேப்பின் ஓரத்துக்குக் கீழே உள்ள பல்லுக்கு வரும். சிர்கோனியாவுக்குத் தரும் உத்தரவாத அட்டை பொதுவாகக் கேப்பின் உடைவுக்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு அல்ல.


வேலூர் லேப் தொழிலாளி — திங்கள், இரவு 11.20

டாக்டர் ஓரத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. 18 ஆண்டுகளாகப் பல் லேபில் வேலை செய்கிறேன். எங்கள் முகத்தை நோயாளிகள் பார்ப்பதே இல்லை. நாங்கள் பார்ப்பதும் அவர்களுடைய பல்லின் அச்சை மட்டும்தான்.

வாயில் எடுத்த அளவு எங்களிடம் வந்ததும் கெட்டியான கல் மாவை ஊற்றி அச்சு எடுப்போம். அந்தப் பல்லை மட்டும் தனியாக அறுத்து, அராவிய இடம் எங்கே முடிகிறது என்று சிவப்புப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுவோம். அந்தக் கோடுதான் எங்களுக்கு எல்லாமே. உலோகக் கேப் என்றால் அந்தக் கோடு வரை மெழுகில் பல்லைச் செதுக்கி, அதைச் சுற்றி மண் கலவை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைப் பாய்ச்சுவோம். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் முறையும் அடிப்படையில் இதுவே. பீங்கானைத் தூளாகக் குழைத்துப் படிப்படியாகப் பூசிச் சூளையில் வைத்து எடுப்போம். சிர்கோனியா என்றால் கணினியில் வரைந்து, சுண்ணாம்புக் கட்டி போலிருக்கும் வில்லையிலிருந்து இயந்திரம் கடைந்து தரும். கடையும்போது வேண்டிய அளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவே கடைய வேண்டும். 1,500 டிகிரி அளவிலான சூட்டில் வெந்த பிறகுதான் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும், அந்த வலிமையும் அப்போதுதான் வரும்.

நோயாளிகளிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அளவு எடுக்கும் முன் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய நூல் ஒன்றைச் செருகுவார்கள். கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஈறு விலகினால்தான் அந்தக் கோடு எங்களுக்குத் தெளிவாகத் தெரியும். அளவில் ஒரு குமிழி விழுந்துவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்பவர் நல்ல மருத்துவர். கோடு தெரியாத அளவில் நாங்கள் ஊகித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஊகித்துச் செய்த கேப்பை அனுப்பும் நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.


ஆம்பூர் அக்கா — செவ்வாய், காலை 6.10

போட்ட பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். எனக்குக் கேப் போட்ட அன்று மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தார்கள். சரியாக இருக்கிறதா என்று கேட்டபோது தலையாட்டிவிட்டேன். மரத்துப்போன வாயில் எது சரி, எது தவறு என்று எப்படித் தெரியும்? இரவு மரப்பு தெளிந்ததும் பார்த்தால் வாயை மூடும்போது அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது. சோற்றில் கல் அகப்பட்டது போல. பழகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திரும்பப் போய்க் குறை சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று வாரம் அப்படியே இருந்துவிட்டேன். தாடை மூட்டில் வலி, காதுக்கு முன்னால் வலி, காலையில் எழுந்தால் தலைவலி. கடைசியில் போனேன். நீல நிறத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள், கேப்பின் மேல் ஒரு புள்ளி அழுத்தமாகப் பதிந்தது. அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டார்கள். இரண்டு நிமிட வேலைக்கு மூன்று வாரம் துன்பப்பட்டேன். முடி அளவு உயரம் இருந்தாலும் மறுநாளே போய்விடுங்கள் டீச்சர். கூச்சப்படவே கூடாது.


வாணியம்பாடி வாசகர் — செவ்வாய், காலை 9.05

செலவுதான் தடை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. பலமுறை போய்வர வேண்டியிருக்கும், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் பயிற்சி மாணவர் செய்யும் ஒவ்வொரு படியையும் பேராசிரியர் பார்த்த பிறகுதான் அடுத்த படி. என் தங்கைக்கு அங்கேதான் போட்டோம். காட்பாடியிலிருந்து ரயில் வசதி இருப்பதால் போய்வருவது பெரிய சிரமமாக இல்லை.


குடியாத்தம் டீச்சர் — செவ்வாய், இரவு 8.50

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ராணிப்பேட்டை அண்ணா எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமியார் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு இன்னும் வயது இருக்கிறதே, பாவம்" என்றார். கணவர் வருகிற சனிக்கிழமையே போகலாம் என்று சொல்லிவிட்டார்.

வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து மருத்துவத்துக்காக வேலூருக்கு வருகிறார்கள். அவர்களுக்காகக் கடைகளிலும் விடுதிகளிலும் வங்காள எழுத்தில் பலகை வைத்திருப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு நான் நான்கு மாதம் யோசிக்க இருந்தேன்.

அடைப்பு தற்காலிகமானதுதான், தொலைபேசியில் கேட்டுவிட்டேன். நரம்பு எடுத்த பல்தானே, அராவும்போது ஊசி எதற்கு?


காட்பாடி பல் மருத்துவர் — செவ்வாய், இரவு 10.15

பல்லுக்கு வலிக்காது, ஈறுக்கு வலிக்கும். நூல் செருகுவதும் ஓரத்தை ஒழுங்கு செய்வதும் ஈறை ஒட்டித்தான். அதற்குத்தான் ஊசி. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரப்பு தெளியும் வரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. கேப் வரும் வரை தற்காலிக உறை ஒன்று ஒட்டுவார்கள். கழற்ற வேண்டும் என்பதற்காகவே அதை லேசான பசையில் ஒட்டுவோம், ஆகவே மிட்டாய், அல்வா, பேடா எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.


திருப்பத்தூர் பெண் — புதன், பகல் 12.20

ஒரு கேள்வி, லேப் அண்ணாவுக்கு. எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் என் பற்களில் பழுப்புத் திட்டுகளும் வெள்ளைக் கோடுகளும் இருக்கின்றன. முன்பக்கத்துக்கு அருகில் உள்ள ஒரு பல்லுக்குக் கேப் போட வேண்டும். அது மட்டும் வெள்ளை வெளேர் என்று தனியாகத் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது.


வேலூர் லேப் தொழிலாளி — புதன், இரவு 11.45

பயப்படாதே தங்கச்சி. தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பற்களை எனக்கு அச்சைப் பார்த்துத் தெரியாது, நிறக் குறிப்பைப் பார்த்தால் தெரியும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களுக்குப் பழுப்புச் சாயத்தையும் வெள்ளைக் கீற்றையும் நாங்கள் கையால் வரைகிறோம். மெல்லிய தூரிகையால் வரைந்து சூளையில் ஒரு முறை வைத்து எடுத்தால் அழியாது.

அதற்கு உங்கள் மருத்துவர் பக்கத்துப் பல்லின் தெளிவான படத்தை அனுப்ப வேண்டும். பல்லை அராவுவதற்கு முன்பே நிறம் பார்க்கச் சொல்லுங்கள். வாயை வெகுநேரம் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும், அப்போது எடுத்த நிறம் தவறிவிடும். விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல் ஜன்னல் ஓரம் நின்று பகல் வெளிச்சத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போகாதீர்கள். ஒட்டும் முன் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள். திருப்பி அனுப்பினால் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒட்டிய பிறகு கழற்ற வேண்டுமானால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.


குடியாத்தம் டீச்சர் — அடுத்த செவ்வாய், பிற்பகல் 1.50

அவசரம். சனிக்கிழமை பல்லை அராவி அளவு எடுத்தார்கள். இன்று பள்ளியில் மதியம் சாப்பிடும்போது தற்காலிக உறை கழன்று கையில் வந்துவிட்டது. கேப் வருவது சனிக்கிழமைதான். அப்படியே விடலாமா?


காட்பாடி பல் மருத்துவர் — செவ்வாய், பிற்பகல் 2.05

விடக்கூடாது. மூடாமல் விட்டால் பக்கத்துப் பற்களும் எதிர்ப் பல்லும் மெல்ல நகரத் தொடங்கும், ஈறும் ஓரத்தின் மேல் ஏறும், பிறகு புதுக் கேப் உட்காராது. உறையைக் கழுவி ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு இன்றோ நாளையோ போய்விடுங்கள், ஒட்டித் தருவார்கள். கடையில் விற்கும் ஒட்டுப் பசையை வைத்து நீங்களே ஒட்ட வேண்டாம், எவ்வளவு சின்ன வேலையாகத் தோன்றினாலும் வேண்டாம்.


சத்துவாச்சாரி மகன் — வியாழன், இரவு 9.30

டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்ல இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னிக்கவும். நேற்று அப்பாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். வேர் சிகிச்சை செய்த கீழ்ப் பல்லுக்கு நேர் மேலே பல் இல்லை. அதைச் சிகிச்சைக்கு முந்திய ஆண்டே பிடுங்கிவிட்டார்களாம். பட்டாணி, முறுக்கு எல்லாம் மறுபக்கத்தில்தான் மென்றுகொண்டிருக்கிறார். 15 ஆண்டுகளாக அந்தப் பல் மீது பாரமே விழவில்லை. நான் அதை வைத்துக்கொண்டு டீச்சருக்கு அறிவுரை சொன்னது தவறு.

இன்னொன்றும் பார்த்தேன். அடைப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கீறல் இருக்கிறது. வலி இல்லை என்கிறார்.


காட்பாடி பல் மருத்துவர் — வியாழன், இரவு 10.40

தேடிப் பார்த்து எழுதியதற்கு நன்றி, இது பலருக்கும் பயன்படும். நரம்பு இல்லாத பல் வலியால் எச்சரிக்காது. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.


குடியாத்தம் டீச்சர் — ஞாயிறு, காலை 10.25

நேற்று கேப் போட்டாயிற்று. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், எனக்குப் பின்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

சிர்கோனியாதான் எடுத்தோம். நான் வாய் திறந்தால் தெரிகிற பல், வகுப்பில் நாள் முழுவதும் பேசுகிறவள். கணவர்தான் வற்புறுத்தினார். தற்காலிக உறையைக் கழற்றி, பசையைச் சுத்தம் செய்து, புதுக் கேப்பை ஒட்டாமல் முதலில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்துப் பல்லோடு மிக இறுக்கமாக இருந்ததால் ஒரு பக்கம் மெருகு தேய்த்தார். இரண்டு பற்களுக்கும் நடுவே நூலை விட்டுப் பார்த்தார். இறங்க வேண்டும், ஆனால் தடுத்துத் தடுத்து இறங்க வேண்டுமாம். நூல் தாராளமாகப் போனால் சோறு போய் மாட்டும் என்றார். பிறகு ஓரம் உட்கார்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நான் கேட்டதும் படத்தைத் திரையில் காட்டினார். கேப்பும் பல்லும் சேரும் இடத்தில் படி இல்லை, இடைவெளி இல்லை. லேப் அண்ணா, அந்தக் கோட்டைப் பார்க்கும்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆம்பூர் அக்கா சொன்னதால் ஊசி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நரம்பு எடுத்த பல் என்பதால் அவரும் ஒத்துக்கொண்டார். ஈறில் சிறிது கூசியது, அவ்வளவுதான். ஒட்டிய பிறகு சிவப்புத் தாள் வைத்துக் கடிக்கச் சொன்னார். படுத்த நிலையில் சரியாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து கடித்தால் ஒரு இடம் இடித்தது. சொன்னேன். தேய்த்தார். மறுபடி கடித்தேன், மறுபடி சொன்னேன். மூன்றாவது முறைதான் இரண்டு பக்கமும் ஒன்றாகப் படிந்தது. அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

ஈறோரத்தை மென்மையான பிரஷால் தேய்க்கவும், இரவில் பற்களின் நடுவே நூல் விடவும் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் கழித்து ஒரு முறை காட்ட வேண்டும். இன்று காலை அந்தப் பக்கத்தில் இட்லி மென்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

திரும்பும்போது மாமியாருக்கு முள்ளுக்கத்தரிக்காய் வாங்கி வந்தோம். குழம்பு வைத்துக்கொண்டே, தன் மேல் பல்லில் நெடுநாளாகக் கூச்சம் இருக்கிறது என்று முதல் முறையாகச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர், கூட்டிப்போகும் முன் என்ன செய்ய வேண்டும்?


காட்பாடி பல் மருத்துவர் — ஞாயிறு, பகல் 12.10

அண்மையில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு போங்கள். காலைச் சிற்றுண்டியும் மாத்திரையும் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளட்டும், வெறும் வயிற்றோடு போக வேண்டாம். முதலில் ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள்.


சத்துவாச்சாரி மகன் — ஞாயிறு, மாலை 6.45

டீச்சர், நீங்கள் போன இடத்துக்கு வழியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அப்பாவை வெள்ளிக்கிழமை அழைத்துப் போகிறேன்.